லெனேசியா கொல்லையில் ஆப்பிளும் பேரியும்

ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே, இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் லெனேசியாவில் எங்கள் வீடு. கொல்லையில் இரண்டே மரம். ஒன்றில் நான்கு வகை ஆப்பிள், மற்றதில் இரண்டு வகைப் பேரி. ஆப்பிள் போன வருடமே கூடை நிறையப் பறிக்கும் அளவுக்குக் காய்த்தது. பேரி இந்த வருடம்தான் பேர் சொல்லும்படி வந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் நம்மவர்கள் "இங்கே ஆப்பிள் வருமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் எப்படி ஒட்டுக் கட்டினேன், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எழுதிவைக்கிறேன். கூடவே பறவைகளின் பங்குக் கணக்கும் உண்டு. உண்மையைச் சொன்னால், எந்தக் கிளையில் எந்த வகையைக் கட்டுவது என்று முடிவு செய்ததே பறவைகளை வைத்துத்தான்.

தென்னாப்பிரிக்க ஆப்பிள் என்றாலே எல்லோருக்கும் கேப் பக்கம்தான் நினைவுக்கு வரும்: எல்ஜின், கிராபௌ, சீரஸ். அது நியாயம்தான். 1662 ஏப்ரல் 17 அன்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தோட்டத்தில் முதல் ஆப்பிள் பறித்ததை, கேப்பில் அந்தக் கம்பெனியின் தலைவராக இருந்த யான் வான் ரீபேக் குறித்து வைத்திருக்கிறார். கேப்டவுனின் அந்தத் தோட்டத்தில் ஒரு சாஃப்ரான் பேரி மரம் இன்றும் இருக்கிறது. நட்டு வளர்த்த மரங்களில் நாட்டிலேயே மிகப் பழையது என்கிறார்கள். மூலத் தண்டு பட்டுப்போய், அடியிலிருந்து கிளம்பிய தண்டுகள்தான் இப்போது நிற்கின்றன. ஆனால் எங்கள் பக்கமும் பழமரத்துக்குப் புதிதில்லை. லெனேசியாவை அடுத்த லாலியில் காந்தியும் அவர் நண்பர் காலன்பாக்கும் 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் கிட்டத்தட்ட ஆயிரம் பழமரங்கள் இருந்ததாகக் காந்தியே எழுதியிருக்கிறார். ஆரஞ்சு, ஆப்ரிகாட், பிளம் என்று, அங்கிருந்த சத்தியாக்கிரகிகள் வயிறாரத் தின்றும் மிச்சமாம். அவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். ஆப்பிள் அந்தப் பட்டியலில் இல்லை, போகட்டும்.

இங்கே ஆப்பிள் வருமா என்றால், வரும். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டர் உயரம். ஜூன், ஜூலையில் இரவில் உறைபனி விழும், காலையில் புல் வெள்ளையாக இருக்கும். ஆப்பிளும் பேரியும் இலை உதிர்த்துத் தூங்கி எழ இந்தக் குளிர் வேண்டும். பழைய கணக்குப்படி 7.2 டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று எண்ணுவார்கள். சிக்கல் என்னவென்றால், இங்கே இரவு உறைந்தாலும் மதியம் நல்ல வெயில். அமெரிக்காவின் யூட்டா கணக்கில் அந்த வெயில் இரவுக் குளிரைக் கழித்துவிடும், மொத்தம் சில சமயம் பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போய்விடும். அதனால் ஒரு நாளின் கழித்தல் அடுத்த நாளுக்குப் போகாதபடி, 1990களில் இந்த நாட்டு ஆராய்ச்சியாளர்களே அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். நமக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அதிகக் குளிர் கேட்கும் வகையை நட்டால் வசந்தத்தில் கண்கள் (கிளையில் துளிர்க்கும் மொட்டுகள்) சீராக உடையாது, கிளை நுனியில் மட்டும் இலை வந்து நடுவில் மொட்டையாக நிற்கும். குறைந்த குளிர் போதும் என்கிற வகைகளாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

நான் நர்சரியில் வாங்கியது எம்எம்109 என்ற வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடி) கட்டிய கிரானி ஸ்மித் ஆப்பிள். இந்த வேர்ச்செடி வறட்சியைத் தாங்கும், வேரில் பஞ்சு அசுவினி (வெள்ளைப் பஞ்சு போர்த்திய, சாறு உறிஞ்சும் பூச்சி) அவ்வளவாக ஏறாது. அதன் மேல் ஆன்னா, டார்செட் கோல்டன் என்ற இரண்டு ஆப்பிள் வகைகளையும் ஒட்டினேன். ஆன்னா இஸ்ரேலில் உருவானது, டார்செட் பஹாமாவிலிருந்து வந்தது. இரண்டுக்கும் கொஞ்சம் குளிர் போதும், இரண்டும் சீக்கிரம் பூக்கும், ஒன்றின் மகரந்தம் மற்றதுக்கு உதவும். கிரானி ஸ்மித் இவற்றுக்குப் பிறகுதான் பூக்கிறது. அதற்குத் துணையாக நான்காவதாக ஒரு கிராப் ஆப்பிள், ஃப்ளோரிபண்டா. காய் பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். வாயில் போட்டால் முகம் கோணும். ஆனால் ஆப்பிள் சொறி நோயை எதிர்க்கும் ஒரு முக்கியமான மரபணுவை ஆராய்ச்சியாளர்கள் எடுத்தது இந்த இனத்திலிருந்துதான்.

பறவைக்கு என்று தனியாக மரம் நடுபவர்கள் பெரும்பாலும் கோடையில் பழுப்பதைத்தான் நடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிசம்பர், ஜனவரியில் இங்கே மழைக்காலம். பிளம், பீச், புழு, பூச்சி என்று அவற்றுக்கு ஊரெங்கும் சாப்பாடு. தட்டுப்பாடு வருவது மே முதல் ஆகஸ்ட் வரை. மழையே கிடையாது, புல் காய்ந்து பழுப்பாகிவிடும், பூச்சியும் குறைவு. அப்போது மரத்தில் தொங்குகிற பழம்தான் அவற்றுக்கு உதவி. ஆகவே சீக்கிரம் பழுக்கும் ஆன்னாவும் டார்செட்டும் எங்களுக்கு. கடைசிவரை தொங்கும் கிராப் ஆப்பிள் முழுக்கப் பறவைக்கு. கிரானி ஸ்மித்தில் பாதிக்குப் பாதி.

ஒரே மரத்தில் பல வகை கட்டும்போது வேகமாக வளர்வதைக் கீழேயும் மெதுவாக வளர்வதை மேலேயும் வைக்கச் சொல்வார்கள், ஏனென்றால் மேல் கிளைக்குத்தான் மரம் அள்ளிக் கொடுக்கும். கிராப் ஆப்பிளை நான் அந்த விதியை மீறி உச்சியில்தான் கட்டினேன். பறவைகள் உயரத்தில் உட்கார விரும்புகின்றன, பூனைக்கும் எட்டாது. அதற்கு விலையாகக் கோடையில் அந்தக் கிளையைக் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

குச்சி எடுப்பது ஜூலையில். போன கோடையில் வளர்ந்த, பென்சில் தடிமன் குச்சி. நோயில்லாத மரமா என்று பார்த்து எடுக்க வேண்டும். ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்துவிடலாம். பக்கத்தில் ஆப்பிள் பழமோ வாழைப்பழமோ இருக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு கண்களைக் கெடுத்துவிடும். அதனால் அந்த நாட்களில் எங்கள் வீட்டில் தின்கிற ஆப்பிள் மேசை மேல், தின்னாத ஆப்பிள் குச்சி ஃபிரிட்ஜில். இன்னொன்று: கொடைக்கானலிலிருந்து வரும்போது பெட்டியில் குச்சி கொண்டுவரலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அனுமதிச் சீட்டு இல்லாமல் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், குச்சியோடு நோயும் வந்து இறங்கிவிடும்.

ஒட்டுக் கட்டியது ஆகஸ்ட் கடைசியில், மரத்தில் கண்கள் உப்ப ஆரம்பித்தபோது. கிளையும் குச்சியும் ஒரே தடிமனாக இருந்தால் நாக்கு ஒட்டு. இரண்டிலும் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே இழுப்பில் சாய்வாகச் சீவ வேண்டும். கத்தியை முன்னும் பின்னும் அறுத்தால் பரப்பு அலை அலையாகிவிடும், வெளிச்சத்துக்கு எதிரே சேர்த்துப் பிடித்தால் இடைவெளி தெரியும். பிறகு இரண்டிலும் ஒரு கீறல் போட்டு, நாக்கை நாக்குக்குள் செருக வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு மெல்லிய பச்சைக் கோடு தெரியும். அந்தக் கோடும் கோடும் சேர்ந்தால்தான் ஒட்டு பிடிக்கும். தடிமன் பொருந்தாவிட்டால் நடுவில் வைக்காமல் ஒரு ஓரமாக ஒதுக்கி, அந்தப் பக்கமாவது கோடு சேர வைத்துவிட வேண்டும். தடித்த கிளையில் பிளவு ஒட்டு: கிளையை வெட்டி, நடுவில் பிளந்து, குச்சியை ஆப்பு மாதிரி சீவி இறக்குவது.

நாக்கு ஒட்டு அநேகமாக எல்லாமே பிடித்தது. பிளவு ஒட்டில் சில காய்ந்தன. இங்கே அந்த மாதத்து எதிரி குளிர் இல்லை, காற்று. மழைக்கு இன்னும் நாள் இருக்கும், வறண்ட காற்று புழுதியை வாரிக்கொண்டு அடிக்கும். ஒட்டுக் கூடுவதற்குள் குச்சி உலர்ந்துவிடும். ஊரில் மா ஒட்டுக் கட்டுபவர்கள் பாலிதீன் பையைக் கிழித்து நாடாவாகச் சுற்றுவார்கள், ஒட்டின் இறுக்கத்துக்கு அது போதும். ஆனால் இங்கே குச்சி முழுவதையும், நுனி உட்பட, பாராஃபில்மால் ஒரு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். அது மெழுகு போன்ற நாடா, இழுத்தால் நீளும். கண் முளைக்கும்போது தானே கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அக்டோபரில் மழை தொடங்கியதும் துளிர் வேகமாக நீண்டது. இடிமழைக் காற்றில் முறியாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு மூங்கில் சிம்பு கட்டினேன். ஒட்டுக்குக் கீழே முளைப்பதை எல்லாம் கிள்ளிவிட வேண்டும். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒட்டின் மேல் இறுக்கிச் சுற்றிய நாடாவை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கிளையின் கழுத்தை இறுக்கும்.

ஆன்னா டிசம்பரில் நிறம் ஏறத் தொடங்கியதும் கிளிகள் வந்துவிட்டன. வேறு யாரும் இல்லை, நம்மூர்ப் பச்சைக்கிளிதான். கூண்டிலிருந்து தப்பியவை பெருகி ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா, டர்பன் எல்லாவற்றிலும் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. ஊர்க்கிளி என்ற பாசம் இரண்டு நாள்தான் தாங்கும். ஒரு கடி கடித்துக் கீழே போட்டுவிட்டு அடுத்த காய்க்குப் போகும். மரம் முழுவதும் வலை போர்த்தினால் தொய்வில் பறவை சிக்கிச் சாகும், அது எனக்கு வேண்டாம். கல்யாணங்களில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் மெல்லிய வலைத்துணிப் பை இருக்கிறதே, அதில் பெரிய அளவு வாங்கி, காய் சிறிதாக இருக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் மாட்டிக் காம்பில் முடிச்சுப் போட்டேன். பழ ஈயும், காயைத் துளைக்கும் புழுவின் தாயான காட்லிங் அந்துப்பூச்சியும்கூட அநேகமாக உள்ளே வரவில்லை. கிளிகள் பையைக் கிழிக்கவும் கற்றுக்கொள்கின்றன, ஆனால் கைக்கு வருவது நிறைய.

பக்கத்து வீட்டு ஆயா, இங்கே குடியேறிய தமிழர்களில் நான்காம் தலைமுறை. பேச்சு ஆங்கிலத்தில்தான், நடுநடுவே தமிழ் வரும். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மரத்துக்கே கல்யாணமா?" என்றார். அவர் கேட்பது பழுத்த ஆப்பிள் இல்லை, பச்சைக் காய். கிரானி ஸ்மித்தை முற்றவிடாமல் பறித்துத் துண்டு போட்டு, கடுகும் வெந்தயமும் மிளகாய்ப் பொடியும் சேர்த்து அச்சார் (ஊறுகாய்) போடுகிறார். மாங்காய் கிடைக்காத மாதங்களில் இது சோற்றுக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது.

ஏப்ரலில் பையில் இருந்த கிரானி ஸ்மித்தைப் பறித்துக்கொண்டு, மீதியை அப்படியே விட்டேன். உறைபனி பட்டதும் காய் மஞ்சளாகி மெத்தென்று ஆனது. அப்புறம் கூட்டம். கொண்டைக் குக்குறுவான்தான் முதலில் வந்து தோலைத் துளைத்தது. அது போனதும் வெள்ளைக்கண்ணிக் குருவிகள் அதே துளையில் தலையை விட்டுத் தின்றன. அவற்றின் அலகால் தோலைக் கிழிக்க முடிவதில்லை, முன்னே ஒருவர் திறந்துவைக்க வேண்டும். எலிப்பறவைகள் காலையில் உச்சிக்கிளையில் தொங்கியபடி வயிற்றை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருக்கும், தின்ற இலையும் பழமும் செரிக்க அவற்றுக்குச் சூடு வேண்டும். கிராப் ஆப்பிளைக் கொண்டைக்குருவிகள் முழுசாக விழுங்கின. ஜூன் முடிவதற்குள் உச்சிக்கிளை காலி.

ஒரு எச்சரிக்கை. தொங்கும் பழத்தை விடலாம், விழுந்ததை விடக் கூடாது. பழ ஈ அதில்தான் பெருகும். விழுந்ததைப் பொறுக்கிக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்டுவிடுகிறேன். ஜூலைக் கடைசியில், கத்தரிக்கும்போது, மரத்தில் வற்றிப்போய் ஒட்டிக்கொண்டிருப்பதையும் எடுத்துவிடுவேன். காட்லிங் புழு பழத்தை விட்டிறங்கிப் பட்டை இடுக்கில் பதுங்கும், அதற்குத் தண்டைச் சுற்றி நெளிநெளி அட்டையைக் கட்டி, அவ்வப்போது அவிழ்த்து எரித்தால் போதும். பஞ்சு அசுவினி கிளையில் வந்தது. மருந்து அடிக்கவில்லை. தண்டில் பிசின் பட்டை சுற்றி எறும்பைத் தடுத்தேன். காவலுக்கு எறும்பு இல்லாமல் போனதும் அஃபெலினஸ் என்ற பொடிக் குளவி தன் வேலையைச் செய்தது. பஞ்சுக்குள் கறுத்து, முதுகில் வட்டத் துளையோடு இருந்த அசுவினிகள் எல்லாம் அதன் வேலைதான்.

பேரி விஷயம் சுருக்கமாக. வாங்கிய மரம் பாக்கம்ஸ் டிரையம்ஃப். அதில் ஒரு கிளையில் கீஃபர் ஒட்டினேன். குன்னூர், கொடைக்கானல் பக்கம் விளையும் அதே கீஃபர். அதிகக் குளிர் கேட்காது, சதை கரகரவென்று இருக்கும், வேகவைத்தால் நன்று. பாக்கம்ஸ் மரத்திலேயே பழுக்கட்டும் என்று காத்திருந்தால் நடுவில் அழுகிவிடும், பேரி உள்ளிருந்து பழுக்கும். காயைக் கையில் ஏந்திப் படுக்கைவசமாக உயர்த்தினால் காம்பு தானே கழன்று வர வேண்டும், அதுதான் பறிக்கும் நேரம். பிறகு கொஞ்ச நாள் ஃபிரிட்ஜில் வைத்து வெளியே எடுத்து, காம்படியில் விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும்போது தின்ன வேண்டும். பேரியை ஆப்பிள் மரத்தில் ஒட்டலாமா என்று கேட்காதீர்கள், பெரும்பாலும் நிலைக்காது.

சீமை மாதுளை என்கிற குவின்ஸ் பேரிக்கு வேர்ச்செடியாகும், மரம் குட்டையாக நிற்கும். இங்கே பழைய பண்ணைகளில் குவின்ஸை வேலியாகவே வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் குச்சி நட்டாலே வேர் விடும். மகாலீஸ்பர்க் பக்கமிருந்து கொண்டுவந்த குச்சிகள் தொட்டியில் நன்றாக வந்திருக்கின்றன. பான் கிரெட்டியன் பேரி நேரடியாகக் குவின்ஸோடு சேராது, நடுவில் பெர்ரே ஹார்டி என்ற இன்னொரு பேரி வகையில் ஒரு துண்டு வேண்டும். ஹார்டியைக் கட்டியாயிற்று, கூடியிருக்கிறது. பிப்ரவரியில் மழை ஈரத்தில் பட்டை லேசாக உரியும், அப்போது அதன் மேல் பான் கிரெட்டியனைக் கண் ஒட்டாகக் கட்டப் போகிறேன். அந்த வகை கேட்கும் குளிர் லெனேசியாவில் கிடைக்குமா என்று எனக்கே சந்தேகம்தான். பூக்காவிட்டால் குவின்ஸ் கிளைத்துக் காய்க்கட்டும், அச்சாருக்கு ஆயா அதையும் கேட்டு வைத்திருக்கிறார்.