சேரின் ஓட்டக் கணக்கு

எங்கள் ஆங்கில ஆசிரியர், நாங்கள் 'சேர்' என்றே அழைத்தவர், காலமான செய்தி வந்த இரவு, பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அவருடைய பிரம்பைப் பற்றியே எழுதினார்கள். பட்டப்பெயரையும் விட்டுவைக்கவில்லை. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்தில் கரும்பலகையின் வலது மூலையில் அவர் வெண்கட்டியால் எழுதும் ஓட்டக் கணக்குத்தான்.

ஆங்கிலச் சொல் ஒன்றே: 'ரன்'. புதுப் பொருளில் வசனம் சொன்னால் ஓர் ஓட்டம். முன்பே வந்த பொருளென்றால் ஆட்டமிழப்பு. மூக்கு, குழாய், பருத்தித்துறை பஸ், மலிவுச் சீத்தைத் துணியின் சாயம், கண்டிவரை போகும் தெரு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வினைதான். நமக்கோ மூக்கு ஒழுகும், சாயம் போகும், கடை நடக்கும். தேர்தலில் அமெரிக்கர் ஓடுவார்கள், நாம் நிற்போம். "வெள்ளைக்காரனுக்கு வினைச்சொல் பஞ்சம்" என்பார் சேர்.

1983 செப்டெம்பரில் நான் வகுப்புக்குப் புதியவன். ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் எல்லாவற்றையும் எரியக் கொடுத்துவிட்டு, காங்கேசன்துறையில் கப்பலால் வந்து இறங்கிய குடும்பம். என் முறை வந்ததும், 'மை ஃபாதர் ரன்ஸ் எ ஷொப்' என்றேன்.

"இப்போதும் கடை இருக்கிறதா?"

"இல்லை, சேர்."

"அப்படியானால் 'ரன்ஸ்' அல்ல, 'ரான்'."

பின்வாங்கில் சிரிப்பு வெடித்தது. அப்பா ஓடிவந்தவர் என்று அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. (சிரித்தவர்களில் இருவர் இந்த மலருக்கு விளம்பரம் தந்திருக்கிறார்கள். இருவருமே கடை முதலாளிகள்.) சேர் பிரம்பை எடுக்கவில்லை. திரும்பி, என் பெயருக்கு நேரே நான்கு ஓட்டங்கள் போட்டார். அவர் யாருக்கும் நான்கு போட்டதில்லை. சிரிப்பைத் தாங்கிக்கொண்டேன், அந்த நான்கைத்தான் தாங்க முடியவில்லை.

1986இல் அவரிடம் சொல்லாமலே புறப்பட்டேன். அப்பா லண்டனில் கடைசிவரை இன்னொருவருடைய பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தார். கடை வைக்கவேயில்லை. சேர் திருத்திய இறந்தகாலம் சரியாகவே இருந்தது. அவரோ 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் சாவகச்சேரிவரை நடந்துபோய், திரும்பிவந்து, அதே வகுப்பறையில் ஓய்வுபெறும்வரை படிப்பித்தார்.

ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு. திருத்தப் பணியில் 'ரன்' அதை முந்திவிட்டது, வினையாக மட்டும் 645 பொருள் என்று 2011இல் செய்தி வந்தது. கத்தரித்துச் சேருக்கு அனுப்பினேன். பதில் அஞ்சலட்டையில் வந்தது: நம் வகுப்பு அறுபதைத் தாண்டவில்லையாம், பந்துவீச்சு அப்படியாம். அடியில், அடுத்தமுறை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா என்று ஒரு வரி.

கூட்டிப்போகவில்லை. அவர்களுக்குத் தமிழ் வராது. அந்த முற்றத்தில் அவர்களை நிறுத்த எனக்கு வெட்கமாக இருந்தது. சேரோடு அவர்கள் ஆங்கிலத்திலேயே பேசியிருக்கலாம்.