ஃபில்டரில் ஒரு ரப்பர், எஞ்சினில் இன்னொன்று

எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் ஈரம் தெரிந்தால் வெர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் முதலில் கிடைக்கிற பதில் "சீல் போச்சு" என்பதுதான். என் 2008 பெரோடுவா மைவி காருக்கும் அதையே சொன்னார்கள். கிராங்க் தண்டின் பின்பக்கத்தில் எண்ணெயை அடைக்கும் சீலை மாற்ற வேண்டும், அதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும், சாமானை விடக் கூலிதான் அதிகம் என்றார் அந்தப் போமன், அதாவது மெக்கானிக். காரை மேலே தூக்கிப் பார்த்தவர் ஒரு துணியை எடுத்துத் துடைத்துப் பார்க்கவில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

எண்ணெய் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் கசிகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கார் ஓடும்போது அடியில் அடிக்கிற காற்று எண்ணெயைப் பின்பக்கமாகத் தள்ளும். மேலே எங்கோ கசிந்தது, எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப் தட்டின் விளிம்பு வழியாக ஓடி, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் வந்து சொட்டும். பார்க்கிறவர்களுக்கு அது பின் சீல் ஒழுகுவது போலத்தான் தெரியும்.

பட்டர்வொர்த்தில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே சித்தப்பா இருக்கிறார். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சொன்னதும், "மொதல்ல அடியெல்லாம் நல்லா தொடச்சிடும்மா. காஞ்சதும் மூஞ்சி பவுடர எடுத்து லேசா தூவு. அப்புறம் காடிய ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து பாரு" என்றார். அப்படியே செய்தேன். வெள்ளைப் பவுடர் மேல் கறுப்புக் கோடு ஒன்று தெளிவாக ஓடியிருந்தது. அது தொடங்கிய இடம் ஆயில் ஃபில்டரின் விளிம்பு. பின் சீல் பக்கம் பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

ஆயில் மாற்றும் நேரமும் நெருங்கிவிட்டதால் வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். ஜாக் வைத்துத் தூக்கிய பிறகு ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் போகவே கூடாது. இதில் சித்தப்பா ரொம்பக் கண்டிப்பு. நானும் அப்படித்தான். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கை வைத்தால் தாங்குகிற வெதுவெதுப்புக்கு வந்ததும் டிரெயின் நட்டைக் கழற்றினோம். ஆயில் வடிந்தது, நட்டுக்குப் புது வாஷர் போட்டுப் பூட்டினோம். அதுவரை ஒரு சிக்கலும் இல்லை.

ஃபில்டர்தான் அசையவில்லை. கையால் முறுக்கினேன், உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்து முறுக்கினேன், இம்மியும் நகரவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே குத்தித் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். தகரம் கிழிந்து மேல்பாகம் மட்டும் கையோடு வந்துவிடும், அடித்தட்டு எஞ்சினிலேயே தங்கிவிடும், அதற்குப் பிறகு பிடிக்க ஒன்றும் இருக்காது. உபரிப் பாகக் கடையில் பட்டை மாட்டி இழுக்கும் ஃபில்டர் ரெஞ்ச் மலிவாகவே கிடைக்கிறது. அதை அடித்தட்டுக்கு மிக அருகில் மாட்டி, தகரம் நசுங்காதபடி மெதுவாக அழுத்தம் கொடுத்ததும் கிரீச்சென்று விட்டுக்கொடுத்தது.

கழன்ற ஃபில்டரைத் திருப்பிப் பார்த்தேன். ரப்பர் வளையம் அதன் பள்ளத்தில் முழுசாக இருந்தது. ஃபில்டரைக் கழற்றியதும் வளையம் கூட வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். வந்திருந்தால் வேலை முடிந்தது என்று புது ஃபில்டரை எடுப்பார்கள். சித்தப்பா என் கையைத் தடுத்தார்.

"எஞ்சின் பக்கம் வெரல் விட்டுச் சுத்திப் பாரும்மா."

"ரப்பர் இதோ இருக்கே சித்தப்பா."

"இருக்கட்டும். அங்கயும் பாரு."

ஃபில்டர் உட்காருகிற முகம் கைக்கு எட்டியது, கண்ணுக்கு எட்டவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு விரல் நுனியால் வட்டமாகத் தடவினேன். எண்ணெய்ப் பிசுக்கில் எல்லாமே வழவழப்பு. நகத்தை வெளியிலிருந்து உள்ளே இழுத்தபோதுதான் மெல்லிய படி ஒன்றில் தட்டியது. வட்டத்தின் மறுபுறமும் அதே படி. கைப்பேசியை உள்ளே நீட்டி, விளக்கைப் போட்டு வீடியோ எடுத்துப் பார்த்தோம். கறுப்பாக, தட்டையாக, எஞ்சினோடு எஞ்சினாக இன்னொரு வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் இந்தக் காருக்கு ஆயில் மாற்றிய யாரோ பழையதை எடுக்காமலே அதன் மேல் புது ஃபில்டரைப் பூட்டியிருக்கிறார்கள். கசிந்திருக்கும், அதை அடக்க ரெஞ்ச் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஃபில்டர் அந்தப் பாடு படுத்தியதன் காரணமும் அப்போது புரிந்தது.

இரண்டு ரப்பர் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு. ரப்பர் உலோகத்தில் அழுந்தும்போது பிடிப்பு இருக்கிறது. ஃபில்டரின் பள்ளம் அதைப் பக்கவாட்டில் நகரவிடாமல் காக்கிறது. ரப்பர் மேல் ரப்பர், நடுவில் எண்ணெய் என்றால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். எஞ்சின் பக்கம் இருக்கும் வளையத்தைப் பிடித்துவைக்கப் பள்ளமும் கிடையாது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் கெட்டியாக இருப்பதால் அழுத்தம்தான் அதிகம், ஆக்சிலேட்டரை மிதித்தால் 4, 5 பார் வரை போகலாம். அந்த நேரத்தில் ஒரு வளையம் வெளியே பிதுங்கினால், சம்ப்பில் இருக்கும் எண்ணெய் முழுவதையும் எஞ்சினின் சொந்த பம்ப்பே சாலையில் கொட்டிவிடும். சிவப்பு ஆயில் விளக்கு அழுத்தம் ஏறக்குறைய தீர்ந்த பிறகுதான் எரியும். அதைப் பார்த்தும் ஓட்டினால் பேரிங் போய்விடும், பிறகு எஞ்சினும் இல்லை. நான் வேலைக்குப் போவது கடலுக்கு அந்தப் பக்கம், பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸுக்கு. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கியடித்துப் போகிற அந்தப் பாலத்தின் நடுவில் இது நடந்திருந்தால், பின்னால் வருகிறவர்கள் அந்த எண்ணெயில் வழுக்கியிருப்பார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

வளையத்தை எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். உட்காரும் முகம் அலுமினியம் என்றால் ஸ்க்ரூடிரைவர் கோடு போட்டுவிடும், அந்தக் கோடே அடுத்த கசிவுக்கு வழி. காலாவதியான டச் அண்ட் கோ டோல் அட்டை ஒன்றின் மூலையை விளிம்புக்கு அடியில் நுழைத்து நுழைத்துக் கிளப்பினேன். பாதி உரிந்து வந்தது, மீதி அப்பளம் மாதிரி ஒடிந்து துண்டு துண்டாக வந்தது. ரப்பர் சூட்டில் காய்ந்து காய்ந்து அந்தக் கதிக்கு ஆகியிருந்தது. துண்டுகளைப் பழைய செய்தித்தாளில் வட்டமாக அடுக்கி, ஏதும் குறைகிறதா என்று சித்தப்பா பார்த்தார். ஒரு துண்டு நடுத் துளைக்குள் போனாலும் எண்ணெய் ஓடும் வழியில் மாட்டிக்கொள்ளும் என்பதால் அடுக்கிப் பார்ப்பது அவசியம். பிறகு நூல் பிரியாத துணியில் பிரேக் கிளீனரை நனைத்து முகத்தைத் துடைத்தோம். துளைக்குள் நேராக அடிக்கவில்லை. ஃபில்டர் ஏறும் திருகுக் குழாய் ஆடுகிறதா என்றும் பார்த்தோம், அளவுக்கு மீறி இறுக்கிய ஃபில்டரோடு அதுவும் கழன்று வருவதுண்டு.

புது ஃபில்டரைப் பழையதோடு வைத்து வளையத்தின் விட்டத்தையும் மரையையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 20 மில்லிமீட்டர் மரையும் முக்கால் அங்குல மரையும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றுக்கு ஒன்று சேராது. வளையத்தில் புது எஞ்சின் ஆயிலை விரலால் தடவ வேண்டும். வறண்ட ரப்பர் இறுக்கும்போது சுருண்டு பள்ளத்தை விட்டு வரும், நாளடைவில் எஞ்சினோடு ஒட்டியும் போகும். கையால் திருகி ரப்பர் முகத்தைத் தொட்டதும் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். அதிலிருந்து முக்கால் சுற்று, கையாலேயே. பெரும்பாலான ஃபில்டர்களின் உடம்பிலோ பெட்டியிலோ இந்த அளவு படம் போட்டே இருக்கும். பூட்டுவதற்கு ரெஞ்ச் தொடவே வேண்டாம்.

ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் விளக்கு அணைந்தது. சித்தப்பா பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அடியில் போகவில்லை. ஈரம் இல்லை. எஞ்சினை நிறுத்திக் கொஞ்சம் பொறுத்து டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் புது ஃபில்டர் குடித்த அளவு குறைந்திருந்தது, ஊற்றிச் சரிசெய்தோம். மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து இன்னொரு தடவை பார்த்தேன். அழுத்தம் அதிகமாக இருக்கும் நேரம் அதுதான், அந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. பவுடரும் தூவிப் பார்த்தாயிற்று. வெள்ளையாகவே இருக்கிறது. கியர்பாக்ஸை யாரும் இறக்கவில்லை.

பழைய எண்ணெயை கேனில் அடைத்து, ஃபில்டரையும் வடியவிட்டு, எண்ணெய் சேகரிக்கும் டிரம் வைத்திருக்கும் வெர்க்‌ஷாப் ஒன்றில் கேட்டுக் கொடுத்தோம். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைப்படி பழைய மசகு எண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணில் வரும் அபாயக் கழிவு. சாக்கடையில் ஊற்றினால் அது பிறை ஆற்றுக்கும் கடலுக்கும்தான் போகும். தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

கடையில் ஆயில் மாற்றுகிறவர்கள் பழைய ஃபில்டரைக் காட்டச் சொன்னால் மட்டும் போதாது. எஞ்சின் பக்கத்தைத் துடைத்த பிறகு கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வட்டம் முழுவதும் உலோகம் தெரிய வேண்டும். கறுப்பாக வளையம் தெரிந்தால் அதை எடுக்கும்வரை புது ஃபில்டரைப் பூட்ட விடாதீர்கள்.