ஒன்றேகால் பஸ்

ஜூன் 11, 2024

பத்தாம் ஆண்டு இடாப்பைக் கூப்பிடும்போது இன்றும் அந்தப் பிள்ளையின் பெயருக்குப் பதில் இல்லை. “வீட்டில நிப்பாட்டிப்போட்டினம் ரீச்சர்” என்றாள் பக்கத்தில் இருப்பவள். வயது 15. கணிதத்தில் வகுப்பிலேயே கெட்டிக்காரி. 16 வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம் என்று இலங்கையில் 2016இலேயே விதி வந்துவிட்டது.

ஜூன் 15

ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளே போகும் காட்டுப்பாதையில் அவள் வீடு. 2009இல் போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் கைக்குழந்தையாக இருந்தவள். தகப்பன் அங்கேயே செத்துப்போனார். தாய் கூலிவேலை செய்து இரண்டு பிள்ளைகளையும் வளர்க்கிறார்.

பள்ளிக்கூடம் விடுவது 1.30க்கு. பஸ் 1.15க்கே போய்விடுகிறது. அடுத்தது ஐந்து மணிக்கு. இறங்கி நடக்கும்போது பொழுது பட்டுவிடும், ஆனை வேறு நிற்கும். அண்ணன் அதே பாதையில் சைக்கிளில் வருகிறான். ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதப்போகும் பிள்ளை, மாலை வகுப்பு முடிந்து அவன் வர இருட்டிவிடும்.

“பொடியன் எண்டா எப்பிடியும் வந்திடுவான் ரீச்சர். இவளைத் தனிய விட்டிட்டு நான் வயலில நிண்டு என்னெண்டு வேலை செய்யிறது?”

அந்தத் தாயில் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குப் படிப்பின் அருமை தெரியும்; மகளின் கொப்பிகளைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார். ஆனால் ஒரே பாதை, ஒரே ஆனை, நின்றது பெண்பிள்ளையின் படிப்புத்தான். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜூன் 18

ஆப்கானிஸ்தானில் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூடப்பட்டு 1,000 நாள் கடந்துவிட்டதாம். 2022 டிசம்பரில் பல்கலைக்கழகத்தையும் மூடினார்கள். வகுப்பில் சொன்னேன். “அங்க சட்டம் போட்டு மறிக்கினம். இங்க ஆர் மறிக்கினம் ரீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். கரும்பலகையில் பஸ் நேரத்தை எழுதிக் காட்டினேன்.

ஜூன் 25

பஸ்ஸை முக்கால் மணித்தியாலம் பிந்தி விடச்சொல்லிக் கடிதம். அதிபரும் கையெழுத்து வைத்தார். கொண்டுபோய்க் கொடுத்தால், “ஒரு பிள்ளைக்காக நேரம் மாத்தேலாது” என்றார் பஸ் நேரத்தைப் பார்க்கும் அதிகாரி. ஒரு பிள்ளையா? அந்தப் பக்கத்திலிருந்து ஏழாம், எட்டாம் ஆண்டுகளில் படிக்கிற பெண்பிள்ளைகள் எல்லோரும் கடைசிப் பாடத்தை விட்டுவிட்டுத்தான் அந்த பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். நாளைக்கு அவர்களையும் இப்படித்தான் மறிப்பார்கள்.

சரி, பெயர்ப்பட்டியல் எழுதியாயிற்று. வெள்ளிக்கிழமை தாய்மாரையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போகிறோம். அதுவரை பாடக்குறிப்பை அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.