கேள்வி எழுதும் பக்கம் உட்கார்ந்தேன்

எனக்கு இருதுருவ மனநோய் (பைபோலார்): சில காலம் மனம் மிதமிஞ்சி எழும்பும், சில காலம் ஒரேயடியாகச் சோர்ந்துவிடும். பல வருடங்களாக அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரியில், மனநோய்க்குப் பிறகு வேலைக்குத் திரும்புவது பற்றி ஓர் ஆய்வு தொடங்கினார்கள். நோயை அனுபவித்த சிலர் ஆலோசனைக் குழுவில் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். அதுவரை டாக்டர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லித்தான் பழக்கம். கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தானே, சரி என்றேன்.

பங்கேற்பவர்களுக்கான ஒப்புதல் படிவத்தைப் படித்தால், எல்லோருக்குமே குடும்பத்தார் கையெழுத்து கட்டாயம் என்று இருந்தது. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறவருக்கு அண்ணன் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வெறும் பேட்டியானாலும் விவரம் புரிந்து சம்மதிக்க வேண்டியவர் நோயுள்ளவர்தான். கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரை மருந்து, மனநலச் சிகிச்சை போன்றவற்றைச் செய்துபார்க்கும் ஆய்வில் சேர்க்க மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும். இதைச் சொன்னதும் குடும்பத்தார் கையெழுத்து வரியை நீக்கினார்கள். படிவம் மறுபடி ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்குப் போனதில் வேலை தாமதமானது. ஆகட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

அதிகம் பேசியது பாதுகாப்பைப் பற்றி. மனதைக் கலக்கும் பகுதிகளில் எங்களைச் சேர்க்காமல் விட்டுவிடலாம் என்றார் ஆய்வாளர்களில் ஒருவர். அவருக்கு நல்ல மனசு. ஆனால் எதைத் தாங்குவோம் என்பதை எங்களிடம் கேட்க வேண்டாமா? கடைசியில் அவரவர் ஒரு தாள் எழுதிக் கொடுத்தோம். என் தாளில் இருந்தது இது: “தூக்கம் குறைந்து பேச்சு வேகம் பிடித்தால் முதலில் என்னிடமே சொல்லுங்கள். அப்புறம் அக்காவுக்கு போன் போடுங்கள். நடுவில் நின்றுவிட்டால் காரணம் கேட்காதீர்கள். திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தைக் காலை 11 மணிக்கு மேல் வையுங்கள், ராத்திரி மாத்திரையின் அசதி அப்போதுதான் தெளியும்.”

கேள்வித்தாளில் நான்காவது கேள்வியே தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. முகம் பழகுவதற்குள் அதைக் கேட்டால் யார் மனம் திறப்பார்கள்? பின்னால் தள்ளினோம். “இதைப் பற்றிப் பேசலாமா, விட்டுவிடலாமா?” என்று முன்னால் சேர்த்தோம். பேட்டி முடிந்த கையோடு ஆளை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பக் கூடாது; டீ குடித்து ஆறுதலாக உட்கார்ந்துவிட்டுப் போகட்டும், மறுநாள் ஒரு போன் போட வேண்டும் என்றோம். அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கையில் கொடுக்கிறார்கள். பேட்டி எடுத்த பிள்ளைகளும் சின்ன வயசு. கேட்டதைச் சுமந்துகொண்டு தனியாக வீட்டுக்குப் போகக் கூடாது என்று அவர்களுக்கும் பேச ஒரு ஆள் ஏற்பாடானது.

எங்களுக்கு பஸ் காசு மட்டும் ஒதுக்கியிருந்தார்கள். குழுவில் தையல் வேலை செய்யும் அக்காவுக்கு வந்துபோனால் ஒரு நாள் கூலி போகும். ஆய்வில் பங்கேற்பவருக்குப் போன கூலியை ஈடுகட்டலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. ஆலோசனை சொல்பவருக்கும் அதே நியாயம்தானே என்று கேட்டு வாங்கினோம்.

இப்போது கட்டுரை எழுதுகிறார்கள். என் பெயரைப் போடலாமா என்றார்கள். எனக்கு ஆசைதான். ஆனால் தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள், அம்மா பயப்படுகிறாள். அச்சுக்குப் போகும் வரை முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்று எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன்.