நம்ம ஊர் சூட்டில் வீட்டு ரொட்டி

வீட்டில் ரொட்டி சுடுபவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். குளிர்நாட்டுக் குறிப்பில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். சிங்கப்பூரில் பகலில் 31, 32 டிகிரி, ஈஸ்ட்டுக்குக் கொண்டாட்டம்தான்! மாவு மளமளவென்று பொங்கிவிடும், மணம் ஊறி வர நேரமே இருக்காது.

500 கிராம் ரொட்டி மாவு, 10 கிராம் உப்பு, 3 கிராம் ஈஸ்ட், 325 கிராம் ஜில்லென்ற தண்ணீர். பிசைந்து ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் விடுங்கள். காலையில் உருட்டி வைத்து, மறுபடி பொங்கியதும் விரலால் அழுத்திப் பாருங்கள். குழி மெதுவாக மேலெழுந்தால் அதுதான் பதம். 220 டிகிரியில் 35 நிமிடம். வெளியே எடுத்ததும் மேலோடு படபடவென்று வெடிக்கும், அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்! ஆறிய பிறகே வெட்டுங்கள். அப்புறம் காயாவும் (தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்த ஜாம்) வெண்ணெயும். அம்மாவுக்கு மட்டும் மீன் குழம்பு.