ரெகுலேட்டர் நாட்கள்

2024 ஜூன் 3
பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்தேன். கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டர் மூடித்தான் இருந்தது. குமிழைத் தொட்டுப் பார்த்தேன், குனிந்து மோந்து பார்த்தேன், போனில் படமும் எடுத்தேன். படியிறங்கும்போது, 'படம் எடுக்கையில் கை பட்டுத் திறந்திருந்தால்?' மொத்தம் நாலு தடவை. ஆபீஸுக்கு நாற்பது நிமிடம் தாமதம். "எல்லாருக்கும் உள்ளதுதான்டி" என்றாள் அம்மா போனில்.

ஜூன் 5
கவுன்சலிங். அம்மா சொன்னதில் பாதி சரிதானாம். உளவியலாளர்கள் ராக்மனும் பத்மல் டி சில்வாவும் 1978லேயே எழுதியிருக்கிறார்கள்: ஓசிடி (வேண்டாத எண்ணம் விடாமல் துரத்தி, திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைப்பது போன்ற மனநலப் பிரச்சினை) இல்லாதவர்களிலும் பெரும்பாலோருக்கு இப்படி வேண்டாத எண்ணங்கள் வருகின்றன. "எண்ணத்தை விடுங்க. சந்தேகத்துக்கு உங்க மனசு என்னென்ன காரணம் சொல்லுது? எழுதிட்டு வாங்க" என்றார் மேடம்.

ஜூன் 6
எழுதினேன். பக்கத்துத் தெருவில் சிலிண்டர் வெடித்தது. ரப்பர் குழாய் பழசானால் கசியும். மனிதர்களுக்கு மறதி உண்டு. எல்லாமே உண்மை, அதுதான் வம்பு. ஆனால் ஒன்றுகூட இன்று காலை என் சமையலறையில் நடந்ததில்லை. கண், கை, மூக்கு மூன்றும் சொன்ன சாட்சியைத் தள்ளிவிட்டு, எங்கோ நடந்ததை வைத்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

ஜூன் 12
இதற்கு 'அனுமானக் குழப்பம்' என்று பெயராம். கனடாவின் மான்ட்ரியாலில் கீரன் ஓ'கானர், ஆர்டெமா என்ற உளவியலாளர்கள் சொன்னது. நடக்கக்கூடியதை நடந்ததாகவே எடுத்துக்கொள்வது.

அப்புறம் மேடம் கேட்டார்: "ஆபீஸ்ல சம்பளப் பட்டியலை எத்தனை தடவை சரிபார்ப்பீங்க?" அறுபது பேருக்கு நான்தான் போடுகிறேன். ஒரே தடவை பார்ப்பேன், அனுப்பிவிடுவேன். "மறதிக்காரிக்கு அங்க மட்டும் ஏன் சந்தேகம் வரலை?" பதில் இல்லை. "அடுப்பை மறந்தா நீங்க யார்?"

வீட்டைக் கொளுத்தினவள். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. ஒன்பது வயதில் பாலை அடுப்பில் மறந்து பாத்திரம் கரியானது. "இவ ஒருநா குடும்பத்தையே கொளுத்திருவா" என்று ஆச்சி சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். சினிமா ஃபிளாஷ்பேக் மாதிரி இருந்ததால் எனக்கே முழு நம்பிக்கையில்லை. மேடமும் அதுதான் காரணம் என்று சொல்லவில்லை. நான் அப்படிப்பட்டவளாகிவிடுவேனோ என்ற பயம் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் சந்தேகம் வந்து உட்காரும் என்றார்.

ஜூன் 18
குமிழைத் திருப்பினேன். 'டக்'. ஒரு தடவை பார்த்தேன், பூட்டினேன். பஸ் ஸ்டாப்பில் ஆரம்பித்தது: அந்த 'டக்' வேறு எதன் சத்தமோ? இதோ, கதை தொடங்கிவிட்டது என்று தெரிந்தது. தெரிந்தும் உள்ளங்கை வேர்த்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

போனில் 212 ரெகுலேட்டர் படங்கள் இருக்கின்றன. இன்னும் அழிக்கவில்லை.