எடின்பரோவைப் படமெடுக்கப் போகும் மலையூர் மாணவர்களுக்கு

ஒளிப்படக்கலையில் முதுகலை படிக்க வெளிநாடு செல்லும் நீலகிரி மாணவர்கள், இறுதித் தொகுப்புக்கு எந்தப் பொருளை எடுப்பது என்று என்னிடம் கேட்பதுண்டு. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் படித்தபோது அந்த நகரத்தின் பல முகங்களையே நான் பொருளாக எடுத்துக்கொண்டேன்; குன்னூரில் வளர்ந்தது அதற்குப் பெருந்துணையாக இருந்தது. சுற்றுலா ஊரில் வாழ்கிறவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்: பயணிகளின் கேமராவில் ஏறும் ஊட்டி, தாவரவியல் பூங்காவும் படகு இல்லமும் தொட்டபெட்டாவும்தான்; அதே ஊரின் காந்தல் பகுதியில் நெருக்கியடித்து நிற்கும் வீடுகளும், விடியுமுன் லாரியில் ஏறும் கேரட் மூட்டைகளும் அந்தப் படங்களில் வருவதே இல்லை. எடின்பரோவுக்கும் ஒரு காந்தல் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போய் இறங்குங்கள்.

அங்கே எல்லோரும் எடுப்பது பாறைமேல் நிற்கும் கோட்டையையும், அதிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை இறங்கும் ராயல் மைல் தெருவையும்தான். அந்தப் பழைய நகரையும், ஜேம்ஸ் கிரெய்க் 1767-இல் வகுத்த திட்டப்படி நேர்கோட்டுத் தெருக்களாக எழுந்த புதிய நகரையும் சேர்த்து யுனெஸ்கோ 1995-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இவ்விரண்டையும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அத்தோடு நின்றுவிட்டால் தொகுப்பு அஞ்சலட்டையாகிவிடும். நான் கைக்கொண்ட வழி, டிராம் பாதையைப் பிடித்துக்கொள்வது. 2014-இல் ஓடத் தொடங்கி 2023-இல் நியூஹேவன் வரை நீட்டிக்கப்பட்ட அந்தப் பாதை, விமான நிலையத்தில் தொடங்கி, அலுவலக வளாகங்களையும் பிரின்சஸ் தெருவின் கடைகளையும் கடந்து, லீத் வாக் வழியாகத் துறைமுகப் பகுதிக்கு இறங்குகிறது. ஒரே கோட்டில் இத்தனை வேறுபட்ட வாழ்க்கைகளை நகரத்தின் வேறு பாதையில் நான் கண்டதில்லை. லீத் வாக்கில் ஒரு குடியிருப்பின் வாசற்கதவருகே அழைப்பு மணிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. பித்தளைத் தகட்டில் பொறித்த ஒரு ஸ்காட்லாந்துப் பெயருக்குக் கீழே, காகிதத் துண்டில் பேனாவால் எழுதி டேப் ஒட்டிய போலந்துப் பெயரும், அதற்குக் கீழே ஒரு தெற்காசியப் பெயரும் இருந்தன. வீட்டுக்காரர்களின் பெயர்கள் வெளியே போகக்கூடாது என்பதற்காக அந்தப் படத்தைத் தொகுப்பில் சேர்க்கவில்லை; ஆனால் அடுத்து எங்கே நிற்க வேண்டும் என்பதை அதுதான் எனக்குக் காட்டியது.

பாதை முடியும் நியூஹேவனுக்கு ஒளிப்பட வரலாற்றில் தனி இடம் உண்டு. டேவிட் ஆக்டேவியஸ் ஹில், ராபர்ட் ஆடம்சன் என்னும் இருவரும் 1840-களில் இங்கிருந்த மீனவர்களையும், கூடை சுமந்து நகருக்குள் மீன் விற்கப் போன பெண்களையும் கலோடைப் என்னும், காகிதத்தில் நெகட்டிவ் எடுக்கும் தொடக்ககால முறையில் படமெடுத்தார்கள். அக்காலத்தில் ஒரு படம் பதிவாகும்வரை அசையாமல் இருக்க வேண்டியிருந்ததால், அம்மக்களின் இயல்பாகத் தோன்றும் நிற்றலும் சாய்தலும் எவ்வளவு கவனமாக அமைக்கப்பட்டவை என்பதை உற்றுப் பார்த்தால் உணரலாம். ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடங்களின் இணையதளத்தில் அவற்றைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. தேர்வாளர்கள் உங்கள் படங்களை மட்டும் பார்ப்பதில்லை. உங்களுக்கு முன்னே அந்த இடத்தில் கேமராவோடு நின்றவர்களை நீங்கள் அறிவீர்களா என்பதையும் பார்க்கிறார்கள்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை நம் பழக்கம் அங்கே செல்லாது. நம் மலையில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஆறு மணியை ஒட்டியே உதித்து மறைகிறது; எடின்பரோவிலோ ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆகவே ஒரே இடத்தைக் கோடையிலும் குளிர்காலத்திலும் எடுக்கும்படி ஆண்டுத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும். மூடுபனியில் மட்டும் நமக்கு அனுபவம் கைகொடுக்கும். வட கடலிலிருந்து ‘ஹார்’ என்னும் கடல்மூட்டம் ஏறி வரும்போது, குன்னூரில் செய்வதைப் போலவே எக்ஸ்போஷரை, அதாவது கேமரா பதிவுசெய்யும் ஒளியின் அளவை, ஏறத்தாழ ஒரு ஸ்டாப் (இருமடங்காக) கூட்டுங்கள். இல்லாவிட்டால் கேமரா அந்த வெண்மையைச் சாம்பலாக்கிவிடும்.

பொதுத் தெருவில் படமெடுக்க அங்கே பொதுவாக அனுமதி தேவையில்லை. இருந்தாலும் கடைக்குள்ளோ தொழிற்கூடத்திலோ எடுக்க உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். முகம் தெளிவாகத் தெரிகிறவரிடம் கேட்டுவிட்டு எடுப்பதே முறை என்பது என் உறுதியான எண்ணம். முதல் நாள் கேமராவை எடுக்காமல் பேசிவிட்டு மறுநாள் போனால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. எழுத்தில் ஒப்புதல் வாங்கிப் பணிக்குறிப்பேட்டில் சேர்த்துவிடுங்கள். மதிப்பீட்டில் அந்தக் குறிப்பேட்டுக்கு நல்ல எடை உண்டு: எந்தப் படத்தை ஏன் விலக்கினீர்கள், ஏன் அதே இடத்துக்குத் திரும்பிப் போனீர்கள் என்பதை அன்றன்றே எழுதி வைத்தவரால்தான் நேர்முக மதிப்பீட்டில் தடுமாறாமல் பதில் சொல்ல முடியும். இதை இங்கிருந்தே பழகலாம். விசா வரும்வரை காத்திருக்கும் மாதங்களில் ஊட்டி சேரிங் கிராஸிலிருந்து காந்தல் வரை ஒரே லென்ஸோடு பல நாள், பல நேரம் நடந்து எடுத்து, அதில் பன்னிரண்டு படங்களை மட்டும் வரிசைப்படுத்தி, இடமும் நேரமும் குறித்து அச்சிட்டுக்கொண்டு போங்கள். முதல் வகுப்பில் பேராசிரியரிடம் காட்ட அதுவே போதும்.